சந்தேகம் யாருடையது? கர்ப்பவாய்ச் செல்களை வாசித்த வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

ஆலங்குளத்திலிருந்து பெரியம்மா ஒரு தாளோடு வந்திருந்தாள். கர்ப்பவாய்ச் சோதனையின் முடிவு. தாள் முழுக்க ஆங்கிலம். செல்கள் இயல்பு மாறியிருக்கின்றன, அதன் முக்கியத்துவம் தீர்மானிக்கப்படவில்லை என்று ஒரு வரி. எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "சந்தேகமா இருக்குன்னு போட்ருக்கு" என்றேன். "யாருக்குப்பா சந்தேகம், அவுகளுக்கா எனக்கா?" என்றாள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறியில் வேலை பார்த்தவள் அவள். இழை விட்டுப்போன இடத்தைத் தொட்டே சொல்லிவிடுவாள். அவளிடம் மழுப்ப முடியாது.

செல் தானாகப் பேசுவதில்லை. கர்ப்பவாயிலிருந்து வழித்தெடுத்ததைக் கண்ணாடித் தகட்டில் பூசி, ஆல்கஹாலில் நனைத்து, சாயம் ஏற்றினால் உட்கரு நீலமாகத் தெரியும். அது பருத்து, அடர்ந்து, விளிம்பு கோணலாகியிருந்தால் இயல்பு மாறியது என்கிறார்கள். ஆனால் வெறும் அழற்சியும், மாதவிடாய் நின்றபின் மெலிந்துபோன செல்களும் ஏறக்குறைய இதே தோற்றத்தைக் காட்டக்கூடும். குறி ஒன்று, குறிக்கப்படுவது பல. சொசூரைக் கேள்விப்பட்டிராத லேப் டெக்னீஷியனுக்கும் இது அன்றாடப் பாடு.

இந்த வாசிப்பைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவரான பாப்பனிக்கோலா, 1928இல் அமெரிக்காவின் பேட்டில் கிரீக்கில், 'இன மேம்பாடு' என்ற பெயரில் கூடிய மாநாட்டில்தான் தன் கண்டுபிடிப்பை முதலில் சொன்னார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1941இல் ட்ராட்டுடன் சேர்ந்து எழுதிய கட்டுரைக்குப் பிறகே மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது. அவர் மனைவி ஆண்ட்ரோமாகி ஆண்டுக்கணக்கில் தன் உடலிலிருந்து மாதிரி கொடுத்துவந்திருக்கிறார். 'இயல்பு' என்கிற மூலப்பிரதியில் அந்த மனைவியின் உடலும் இருக்கிறது என்பதைப் பாடப்புத்தகம் அடிக்குறிப்போடு முடித்துக்கொள்கிறது. பாப்பனிக்கோலா செல்களை ஐந்து வகுப்பாகப் பிரித்தார். முதலாவது இயல்பு, ஐந்தாவது புற்று. இரண்டிலும் பெரிய சிக்கல் இல்லை. மூன்றாவதுதான் தொல்லை: சந்தேகம் உண்டு, முடிவு இல்லை.

1988 டிசம்பரில் அமெரிக்காவின் பெதஸ்டாவில் கூடியவர்கள் எண்களை எடுத்துவிட்டுச் சொற்களை வைத்தார்கள். பெரியம்மாவின் தாளில் இருந்த வரி அங்கே பிறந்தது. சந்தேகத்துக்கு ஒரு பெட்டி கிடைத்தது, சந்தேகம் தீரவில்லை.

அதே 1988இல் நியூசிலாந்தில் நீதிபதி கார்ட்ரைட்டின் அறிக்கை வெளியானது. ஆக்லாந்தில் ஹெர்பர்ட் கிரீன் என்ற மருத்துவர், மேற்பரப்பைத் தாண்டாத நிலையிலிருந்த புற்று பரவாது என்று நம்பி, 1966இலிருந்து பல பெண்களை முறையான சிகிச்சை தராமல் வெறுமனே கவனித்துவந்தது அதில் பதிவாகியிருக்கிறது. தாங்கள் ஓர் ஆய்வில் இருப்பதே அந்தப் பெண்களுக்குத் தெரியாது.

டெல்லியிலும் அதே 1988இல் ஓர் ஆய்வு முடிந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 1976இல் தொடங்கியது. செல் மாற்றம் கண்ட ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட பெண்கள், சிகிச்சையின்றிப் பின்தொடரப்பட்டார்கள். 71 பேருக்குப் புற்று வந்தது. அவர்களில் 9 பேருக்கு அது உள்ளே ஊடுருவிவிட்டது. 1997இல்தான் விஷயம் வெளியே வந்தது. எழுத்துமூலம் சம்மதம் வாங்கவில்லை, பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், வாய்மொழியாகக் கேட்டோம் என்றார்கள். செல் மாற்றம் புற்றாகுமா என்பது அப்போது உறுதியாகத் தெரியாது என்றும் சொன்னார்கள்.

இந்தக் கடைசிப் பதிலை அப்படியே தூக்கியெறிய எனக்கு முடியவில்லை. லேசான மாற்றங்களில் பெரும்பாலானவை தானாகவே மறைந்துவிடுகின்றன. கண்டதையெல்லாம் வெட்டி எடுப்பதும் வன்முறைதான். காத்திருப்பது தவறல்ல. ஆனால் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1949இலேயே பரிசோதனைத் திட்டம் தொடங்கியிருந்தது. 1976இல் டெல்லியில் சந்தேகம் மருத்துவருடையதாகவும் காத்திருப்பு மட்டும் பெண்ணுடையதாகவும் இருந்திருக்கிறது. மருத்துவப் பார்வையின் அதிகாரம் பற்றி ஃபூக்கோவை வைத்துப் பக்கம் பக்கமாக எழுதிய நாம் டெல்லியைத் திரும்பிப் பார்த்தது குறைவு. என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

பிறகு நுண்ணோக்கியே வேண்டாம் என்ற காலம் வந்தது. 2000இல் திண்டுக்கல் மாவட்டத்தில் செவிலியர்கள் கர்ப்பவாயில் அசிட்டிக் அமிலம் தடவி, வெளுத்துத் தெரியும் இடத்தை வெறும் கண்ணால் பார்த்தார்கள். முடிவு அங்கேயே, அப்போதே. 2007இல் வெளியான கணக்குப்படி புற்றுநோய் மரணம் 35 விழுக்காடு குறைந்திருந்தது. எதைவிடக் குறைவு? ஒப்பிடுவதற்கென்று 57 தொகுதிகளின் பெண்கள் வழக்கமான கவனிப்போடு விடப்பட்டிருந்தார்கள். நம் கிராமங்களில் வழக்கமான கவனிப்பு என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. இதன் அறம் பற்றிய சர்ச்சை பின்னாளில் எழுந்தது. திண்டுக்கல்லை டெல்லியோடு ஒன்றாக வைக்க மாட்டேன். ஆனாலும் அந்த 57 தொகுதிகளை மறந்துவிட்டு அந்த 35ஐ மட்டும் சொல்லவும் வாய் வரவில்லை.

2007இல் தமிழக அரசு முன்னோடித் திட்டம் போட்டபோது, கர்ப்பவாய்ப் பரிசோதனை மலைக்கு அந்தப் பக்கம் தேனிக்கும், தஞ்சாவூருக்கும் போனது. எங்கள் விருதுநகருக்கு ரத்த அழுத்தம். பிறகு எல்லா மாவட்டங்களுக்கும் இரண்டும் வந்தன.

ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருந்தார்கள். தாளின் பின்பக்கம் தமிழில் எழுதிக் கேட்டாள் பெரியம்மா. தேதியை எழுதிவிட்டேன். அந்த ஒரு வரியில் பேனா நின்றது. முதலில் 'சந்தேகம்' என்று எழுதி, அடித்துவிட்டு, 'டாக்டர்களுக்கு இன்னும் தெரியவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். வாசித்துப் பார்த்துவிட்டு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.