தூதரகமும் நம் கடைவாசலும்

வணிகர்களாகிய நமக்குத் தூதரகம் என்றால், கடப்பிதழ் தொலைந்தால் ஓடும் இடம். நம் பெரியவர்கள் கண்ட காலமோ வேறு பாடம் சொல்கிறது.

1963 செப்டம்பர் 16இல் சிங்கப்பூரையும் சேர்த்து மலேசியா உருவானது. இந்தோனேசியா அதை எதிர்த்து மோதலில் இறங்கியது. செப்டம்பர் 18இல், மலேசியாவுக்குத் துணைநின்ற பிரிட்டனின் ஜகார்த்தா தூதரகம் தீக்கிரையானது. மலேசியா உறவை முறித்தது. இந்தோனேசியா வணிகத்தை நிறுத்தியது. ரப்பர், மிளகு, கொப்பரை ஏற்றிவந்த தொங்கான்களின் வரத்து தடைபட்டது. உயிருக்கும் பாதுகாப்பில்லை. 1965 மார்ச் 10இல் ஆர்ச்சர்ட் சாலை மெக்டோனல்ட் ஹவுஸில் வெடித்த குண்டுக்கு மூவர் பலியாயினர்.

1966இல் மோதல் ஓய்ந்தது. 1967 செப்டம்பரில் சிங்கப்பூரும் இந்தோனேசியாவும் தூதரக உறவு கொண்டன. ஆனால் புண் ஆறவில்லை. குண்டுவைத்த இரு கடற்படை வீரர்கள் 1968 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டபோது, ஜகார்த்தாவில் நம் தூதரகம் சூறையாடப்பட்டது. அப்போதும் உறவு முறிக்கப்படவில்லை.

பின்னர் அங்கு தூதராகச் சென்றவர் லீ கூன் சோய். சாவா மக்களின் மனமறிந்த அவர் ஒரு யோசனை சொன்னார். அதை ஏற்ற பிரதமர் லீ குவான் இயூ, 1973 மே மாதம் ஜகார்த்தா சென்று அவ்விருவரின் கல்லறைகளில் மலர் தூவினார். தண்டனையைத் தவறென்று சொல்லவில்லை. அண்டை வீட்டாரின் துக்கத்தை மதித்தார். உறவு மலர்ந்தது.

இன்று நாம் காலையில் பாத்தாமுக்குப் படகேறி மாலையில் திரும்புகிறோம். அந்தப் பயணத்துக்குப் பின்னால் ஒரு தூதரகத்தின் பொறுமை இருக்கிறது. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம்.