எப்போது விரைவது, எப்போது பொறுப்பது: மூளை இரத்தக்குழாய் நோய்களில் அறுவை முடிவின் அடிப்படை

மூளை இரத்தக்குழாய்க் கோளாறுகளைக் கண்டுபிடிப்பது முன்னெப்போதையும்விட இன்று எளிது. சி.டி. ஆஞ்சியோகிராம் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. ஆயினும் கண்ணில் படும் கோளாறுகள் பலவற்றுக்கு அறுவை தேவைப்படுவதில்லை. உடனடி அறுவை தேவைப்படும் கோளாறோ சில வேளைகளில் உரிய நேரத்தில் கண்ணில் படுவதே இல்லை. குழாயின் உருவத்தோடு, அதை அப்படியே விட்டால் அது எவ்வழியில் போகும் என்ற கணிப்பும் சேர்ந்தால்தான் நோயறிதல் முழுமை பெறும் என்பதே இக்கட்டுரையின் வாதம். வெடித்த தமனிப் புடைப்பில் அந்தக் கணிப்பு விரைவைக் கோருகிறது. வெடிக்காத கோளாறுகள் பலவற்றில் பொறுமையைக் கோருகிறது.

இமையில் தெரிந்த நோய்

உயிருள்ள மனிதரின் மூளைத் தமனிகளை எக்ஸ்ரே படத்தில் முதன்முதலாகக் காட்டியவர் எகாஸ் மோனிஸ். ஆண்டு 1927, இடம் லிஸ்பன். பத்தாண்டுகள் கழித்து, 1937 மார்ச்சில், பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வால்டர் டாண்டி ஒரு தமனிப் புடைப்பின் கழுத்தில் வெள்ளிக் கிளிப்பைப் பொருத்தினார். அவரை அங்கே இட்டுச் சென்றது நோயாளியின் கண். மூன்றாம் மூளை நரம்பு செயலிழந்திருந்தது. உட்கழுத்துத் தமனியிலிருந்து பின் இணைப்புத் தமனி பிரியும் இடத்தில் புடைப்பு வளர்ந்தால், அது பக்கத்தில் ஓடும் இந்த நரம்பை அழுத்தும். இமை தொங்கும், பாவை விரியும். புடைப்பு இருக்குமிடத்தையும் அது சும்மா இருக்கவில்லை என்பதையும் அந்த ஓர் அறிகுறியே சொல்லிவிடுகிறது. இன்றும் வலியோடு இமை தொங்கி, பாவை விரிந்து வரும் நோயாளிக்கு அன்றே ஆஞ்சியோகிராம் எடுக்க வேண்டும்.

விரைய வேண்டிய இடம்

புடைப்பு வெடித்து, சிலந்தியுறைக்கு அடியில் இரத்தம் பரவும்போது வரும் தலைவலி நொடிகளில் உச்சத்தைத் தொடும். மயங்கி விழுபவரை யாரும் தவறவிடுவதில்லை. தெளிவாகப் பேசிக்கொண்டு நடந்து வருபவரே தவறவிடப்படுகிறார். 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இவ்வகைக் கசிவுக்கு ஆளான 482 பேரில் 12 சதவீதத்தினருக்கு முதலில் வேறு நோய் சொல்லப்பட்டிருந்தது. ஒற்றைத் தலைவலி, இறுக்கத் தலைவலி என்பனவே மற்றவற்றைவிட அதிகமாக எழுதப்பட்டவை. அவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்படவே இல்லை.

தவறு கருவியில் இல்லை என்பதை 2011-இல் வெளியான கனடிய ஆய்வு தெளிவாக்கியது. வலி தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள் நவீன சி.டி. எடுத்து, அனுபவமிக்க கதிரியலாளர் பார்த்தபோது ஒரு கசிவும் தப்பவில்லை. ஆறு மணி நேரம் கடந்த பின் ஏழில் ஒன்று தப்பியது. ஆகவே தாமதமாக வருபவருக்கு சி.டி. சரியாக இருந்தாலும் ஐயம் தீராது. முதுகுத்தண்டு நீரை எடுத்து, சிதைந்த இரத்தம் தரும் மஞ்சள் நிறம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அல்லது சி.டி. ஆஞ்சியோகிராம் எடுக்க வேண்டும். மறுகசிவின் அபாயம் முதல் 24 மணி நேரத்திலேயே மிகுதி. வலி மாத்திரை கொடுத்து நோயாளியை வீட்டுக்கு அனுப்பினால் இழப்பது அந்த நேரத்தைத்தான்.

கிளிப்பும் காயிலும்

வெடித்த புடைப்பை அடைக்க இருவழி உண்டு: மண்டையோட்டைத் திறந்து கிளிப் இடுவது, 1991-இல் குலியெல்மி அறிமுகப்படுத்திய பிளாட்டினக் காயில்களைத் தமனி வழியே செலுத்தி உள்ளிருந்து நிரப்புவது. இரண்டையும் ஒப்பிட்ட ஐசாட் ஆய்வின் முடிவு 2002-இல் வந்தது. ஓராண்டு முடிவில் இறந்தோ பிறரைச் சார்ந்தோ இருந்தவர்கள் காயில் குழுவில் 23.7 சதவீதம், கிளிப் குழுவில் 30.6 சதவீதம். இதை எல்லாருக்கும் பொருத்திவிட முடியாது. பரிசீலிக்கப்பட்ட 9559 பேரில், எந்த வழியும் பொருந்தும் என்று கருதப்பட்டுச் சேர்க்கப்பட்டவர்கள் 2143 பேர்தாம். கழுத்து அகன்ற நடுப் பெருமூளைத் தமனிப் புடைப்புக்கும், பெரிய இரத்தக்கட்டு மூளையை அழுத்தும் நிலைக்கும் கிளிப்பே பெரிதும் ஏற்றது.

அந்த அறுவையின் நெருக்கடியான கட்டத்தைப் பார்த்தால் கைத்திறன் எதற்கு என்பது புரியும். நுண்ணோக்கியின் கீழ் மூளையின் பக்கவாட்டிலுள்ள சில்வியன் பிளவைத் திறந்து, புடைப்பு முளைத்த தாய்த் தமனியில் தற்காலிகக் கிளிப் இடுகிறார்கள். மயக்க மருத்துவர் கழிந்த நிமிடங்களை உரக்கச் சொல்கிறார். புடைப்பின் கழுத்தைச் சுற்றிலும் பிரித்தெடுத்து நிரந்தரக் கிளிப்பை மூடுகிறார்கள். பிறகு இண்டோசயனின் பச்சைச் சாயத்தைச் சிரைவழி ஏற்றுகிறார்கள். புடைப்பு இருளாகவும், ஒட்டிய நூலிழைக் கிளைகள் ஒளிர்ந்தும் தெரிய வேண்டும். ஒரு கிளை ஒளிராவிட்டாலும் கிளிப்பைக் கழற்றி மறுபடி பொருத்த வேண்டும். அந்தக் கிளை வற்றினால் நோயாளி ஒரு பக்கம் செயலிழந்து எழக்கூடும். கிளிப் அறுவைகள் குறையக் குறைய இத்திறனைப் பழகும் வாய்ப்பும் குறைகிறது. இரு வழியும் தெரிந்த குழுக்கள் உள்ள பெரிய மையங்களில் நோயாளிகளைச் சேர்ப்பதற்கான வலுவான காரணம் இது.

பொறுக்க வேண்டிய இடம்

வயதுவந்தோரில் ஏறத்தாழ 3 சதவீதத்தினர் வெடிக்காத புடைப்போடு வாழ்கிறார்கள். அவற்றுள் பெரும்பாலானவை வெடிப்பதே இல்லை. அளவு, இடம், வயது, இரத்த அழுத்தம், முந்தைய கசிவு ஆகியவற்றை எடைபோடாமல் அறுவைக்கு நாள் குறிப்பது முறையாகாது.

தமனியும் சிரையும் நேரே பிணைந்த முடிச்சுகளில் இதே கேள்வியை அரூபா ஆய்வு எழுப்பியது. கசியாத முடிச்சு கொண்ட 223 பேரைச் சராசரியாக 33 மாதம் தொடர்ந்ததில், பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது மருந்து மட்டும் பெற்றோரில் 10.1 சதவீதத்தினருக்கு, தலையீடு பெற்றோரில் 30.7 சதவீதத்தினருக்கு. இதற்கு வலுவான மறுப்பும் உண்டு. 25 வயதுக்காரரின் வாழ்நாள் அபாயத்தை 33 மாதம் அளக்காது. ஆய்வில் அறுவை மட்டும் பெற்றவர்கள் மிகச் சிலரே. மறுப்பு நியாயமானது. சிறியதாக, முக்கியப் பகுதிகளிலிருந்து விலகி, மேற்பரப்புச் சிரையில் வடியும் முடிச்சை இளையவரிடம் அகற்றுவதை அரூபாவைக் காட்டித் தடுக்க முடியாது. இங்கும் முடிவைத் தருவது எஞ்சிய ஆயுளுக்கான கணிப்புதான்.

நோயின் போக்கே முடிவைத் தரும் என்பதற்கு மிகத் தெளிவான சான்று பைபாஸ் அறுவை. 1967-இல் சூரிக்கில் யாசர்கில் நெற்றிப்பொட்டுத் தமனியை மூளைத் தமனியோடு தைத்து இணைத்தார். 1985-இல் 1377 பேரைக் கொண்ட பன்னாட்டு ஆய்வு, இணைப்புகளில் 96 சதவீதம் திறந்தே இருந்தும் பக்கவாதம் குறையவில்லை என்று காட்டியது. படத்தில் வெற்றி, நோயாளிக்குப் பயனில்லை. அதே தையல், மூளைத் தமனிகள் படிப்படியாகச் சுருங்கும் மோயாமோயா நோயில் வேறு விடை தந்தது. இரத்தம் கசிந்த 80 பேரிடம் நடந்து 2014-இல் வெளியான ஜப்பானிய ஆய்வில், மறுகசிவு பைபாஸ் குழுவில் ஆண்டுக்கு 2.7 சதவீதம், மற்றக் குழுவில் 7.6 சதவீதம். ஆய்வு சிறியது, புள்ளியியல் வலுவும் மட்டானது. ஆயினும் அதன் திசை தெளிவு. அறுவை ஒன்றே, நோயின் போக்கு வேறு, ஆகவே பலனும் வேறு.

முடிவு

இந்த வாதத்திலிருந்து இரு கடமைகள் பிறக்கின்றன. தலைவலியோடு வருபவரை முதலில் பார்க்கும் மருத்துவர், வலி எத்தனை நொடியில் உச்சத்துக்குப் போனது என்று கேட்டே ஆக வேண்டும். விடை ஐயம் தந்தால் வலி தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள் ஸ்கேன் நடக்க வேண்டும். தற்செயலாகக் கிடைத்த படத்தை வைத்து ஆலோசனை சொல்லும் அறுவை நிபுணர், தலையிடுவதன் அபாயத்தையும் விட்டுவிடுவதன் அபாயத்தையும், தம் மையத்தின் சொந்த முடிவுகளையும் சேர்த்து, நோயாளிக்குப் புரியும்படி எண்களில் சொல்ல வேண்டும். இவ்விரண்டையும் நிறைவேற்றப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. பயிற்சியிலும் வழக்கத்திலும் இவை கட்டாயமாக்கப்பட்டால் போதும்.