மல்லிக்கு ஏன் அவுரியின் கதி வரவில்லை?

பிளஸ் டூ வேதியியல் செய்முறையில் ஒரு சோதனை வரும். கொடுத்த பொருள் கார்பாக்சிலிக் அமிலமா என்று பார்க்க, அதோடு கொஞ்சம் எத்தனாலும் சில துளி அடர் கந்தக அமிலமும் சேர்த்துச் சூடாக்கி, சோடியம் கார்பனேட் கரைசலில் ஊற்ற வேண்டும். மிச்ச அமிலத்தின் நெடி அடங்கியதும் பழ வாசனை மேலே வரும். மோந்தே பார்க்காமல் 'பழ வாசனை' என்று நோட்டில் எழுதிட்டுப் போகிறவர்களும் உண்டு. அவர்கள் விட்டது ஒரு மார்க் இல்லை, ஒரு வரலாறு.

அந்த வாசனை எஸ்டருடையது. அமிலமும் ஆல்கஹாலும் இணைந்து, ஒரு நீர் மூலக்கூறை வெளியேற்றி உண்டாகும் சேர்மம். 1851 லண்டன் பெருங்கண்காட்சியில் செயற்கைப் பழச் சாரங்கள் வைக்கப்பட்டிருந்தன. ஹாஃப்மன் என்ற ஜெர்மன் வேதியியலாளர் அவற்றை ஆராய்ந்தார். பேரிக்காய் வாசனை, அமைல் அசிட்டேட். சாராயம் வடிக்கையில் மிஞ்சும் நாற்றம் பிடித்த எண்ணெயிலிருந்து வந்தது. அன்னாசி வாசனை, எத்தில் பியூட்டிரேட். அதற்கான அமிலத்துக்கு ஊசிப்போன வெண்ணெயின் நாற்றம். நாற்றத்தைக் கொடுத்து மணத்தை வாங்கும் வியாபாரம் அங்கேயே தொடங்கிவிட்டது.

1895-ல் எமில் ஃபிஷரும் ஆர்தர் ஸ்பையரும், கொஞ்சம் அமிலத்தை வினையூக்கியாக வைத்து எஸ்டர் செய்யும் முறையை வெளியிட்டார்கள். நம் பள்ளி ஆய்வகத்துச் சோதனையும் அந்தக் குடும்பம்தான். 1899-ல் ஹெஸ்ஸே, முல்லர் இருவரும் மல்லிகை எண்ணெயின் முக்கியப் பகுதி பென்சைல் அசிட்டேட் என்று கண்டார்கள். அதுவும் எஸ்டர்தான். பென்சைல் ஆல்கஹாலையும் அசிட்டிக் அமிலத்தையும் சூடாக்கினால் கிடைத்துவிடும்.

இங்கேதான் மதுரைக்காரர்களுக்கு வயிற்றில் புளி கரைத்திருக்க வேண்டும். ஏனென்றால் இரண்டு வருஷம் முன்னால், 1897-ல், ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் செயற்கை நீலச் சாயத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தது. முதல் உலகப் போர் வருவதற்குள் இந்திய அவுரி ஏற்றுமதி சரிந்துவிட்டது. பிகாரிலும் நம் தென்னாற்காட்டிலும் அவுரி விளைந்த நிலங்கள் வேறு பயிருக்குப் போயின. அடுத்தது மல்லிதானே?

அப்படி நடக்கவில்லை. அவுரிச் சாயத்தின் நீலம் ஒரே மூலக்கூறு. அதைச் செய்துவிட்டால் செடி தேவையில்லை. மல்லி வாசனை ஒரு கூட்டம்: பென்சைல் அசிட்டேட், லினலூல், திராட்சை வாசனை தரும் மெத்தில் ஆந்த்ரனிலேட், இண்டோல். இண்டோல் கெட்டியாக இருந்தால் நாறும், துளியூண்டு இருந்தால் மணக்கும். 1866-ல் பேயர் அதை முதலில் எடுத்ததே அவுரிச் சாயத்திலிருந்துதான். அந்தப் பெயரிலேயே இண்டிகோ ஒளிந்திருக்கிறது.

இன்னொரு காரணம் வாங்குகிறவர்கள். சாயம் வாங்கியவருக்கு வேண்டியது நிறம் மட்டும். மாட்டுத்தாவணியில் மல்லி வாங்குகிறவருக்குப் பூவே வேண்டும். விடியுமுன் மொட்டாகப் பறித்து, சரமாகக் கட்டி, தலையிலோ சாமிக்கோ போய்ச் சேர்ந்து, சாயங்காலம் விரிந்து மணக்கும். பறித்த பிறகும் பூ மணத்தைச் செய்துகொண்டே இருக்கும். அங்கே சூடும் கந்தக அமிலமும் இல்லை, நொதிகள்தான் வேலை பார்க்கின்றன.

ஆனால் ஆய்வகம் முழுசாகத் தோற்றுவிடவில்லை. சோப்பிலும் ஊதுபத்தியிலும் மல்லிகை வாசனைக்கு மலிவான பென்சைல் அசிட்டேட் போகிறது. சந்தையில் வரத்து கூடி விலை விழும் நாளில், பூ சென்ட் ஃபேக்டரிக்குப் போகிறது. அந்த வாசலைத் தாண்டியதும் அது பூ இல்லை, வாசனைக்கான மூலப்பொருள். மூலப்பொருளுக்கு உலகம் முழுக்கப் போட்டி உண்டு. 2013-ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெயரைக் காக்கும். விலையைக் காக்க அதற்குச் சக்தி கிடையாது.

திருமங்கலத்திலும் உசிலம்பட்டியிலும் மல்லி போடுகிற குடும்பத்துப் பிள்ளைகள் இதே சோதனையைச் செய்கிறார்கள். அவர்களுக்குப் பென்சைல் அசிட்டேட்டையும் ஒரு தடவை செய்து காட்டி, பக்கத்தில் ஒரு முழம் பூவை வைக்கலாம். எது எதன் வாசனை என்று அந்த மூக்குகளுக்கு உடனே தெரிந்துவிடும். வீட்டுத் தோட்டம் எதோடு போட்டி போடுகிறது, எதில் ஜெயிக்கிறது என்பதும்.