புரோட்டகான் என்னும் பெயரின் வரலாறு

இன்றைய உயிர்வேதியியல் நூல்களிற் புரோட்டகான் என்னும் சொல்லைத் தேடுவார்க்கு அது கிட்டுதல் அரிது. கிட்டினும், வழக்கு வீழ்ந்தது என்ற குறிப்புடனேயே கிட்டும். ஆயினும், 1865 முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, மூளையின் தலையாய பொருள் யாது என வினவினோர்க்கு அறிஞர் பலர் தந்த விடை இச்சொல்லே. இல்லாத பொருளொன்றின் பெயர்க்கு இத்துணை நெடிய வாழ்வு வாய்த்தவாறு யாங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

மூளைக் கொழுப்பிற் பாஸ்பரஸ் உண்டு என்பதைப் பிரெஞ்சு நாட்டு வோக்லென் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆய்ந்து கூறினார். அவர்பின் வந்தோர், தாம் தாம் பிரித்தெடுத்தவற்றிற்குத் தத்தம் விருப்பப்படி பெயரிட்டனர். பெயர் பெருகிற்றேயன்றித் தெளிவு பெருகவில்லை. இந்நிலையில், ஜெர்மானியரான ஆஸ்கார் லீபிரைஹ், மூளையை ஈதராற் கழுவி, இளஞ்சூடான ஆல்கஹாலில் ஊறவைத்து, வடித்த நீர்மத்தைக் குளிரச் செய்தார். வெண்ணிறப் பொருளொன்று படிந்தது. நைட்ரசனும், ஏறத்தாழ 1 விழுக்காடு பாஸ்பரசும் அதன்கண் இருந்தன. அதனைத் தனிச் சேர்மம் எனத் துணிந்த அவர், முதன்மை சுட்டும் கிரேக்கச் சொல்லினின்று புரோட்டகான் எனப் பெயரமைத்து 1865இல் வெளியிட்டார். முன்னோர் கண்ட மூளைக் கொழுப்புகள் பல இதன் சிதைவுகளே என்பது அவர் கொள்கை. நிறுவப்பட வேண்டிய முடிவு பெயரினுள்ளேயே புகுந்துவிட்டமை நோக்கத்தக்கது.

இது லெசித்தினும் செரிபிரினும் கலந்த கலவையே என ஜெர்மனியிலேயே சிலர் மறுத்தனர். எனினும், மறுப்பின் முழுச் சுமையையும் தாங்கியவர் தூடிகும் என்பவரே. 1829இல் ஜெர்மனியிற் பிறந்து இலண்டனிற் குடியேறிய மருத்துவர் இவர். ஆங்கில அரசின் பொருளுதவியுடன் மூளையின் வேதியியலை ஆய்ந்தவர். தனிச் சேர்மமாயின், எத்தனை முறை படிகமாக்கினும் அதன் இயைபு மாறலாகாது. புரோட்டகானின் இயைபோ மாறுகின்றது என்பது அவர் வாதம். மான்செஸ்டர் நகரத்துக் காம்ஜி, பிளாங்கன்ஹார்ன் ஆகிய இருவரும் 1879இல் புரோட்டகானுக்கு அரணாக எழுந்து, தம் அளவீடுகள் மாறாமை காட்டினர். அவர்தம் எண்களைப் பொய்யென்று நாம் கொள்ளவில்லை. ஒரே கரைப்பானையும் ஒரே வெப்பநிலையையும் கையாளின், கலவையும் ஏறக்குறைய ஒரே விகிதத்திற் படியும். பிழை எண்ணில் இல்லை, எண்ணினின்று கொண்ட முடிவிலேயே உள்ளது. ஆனாற் சான்றோடு நில்லாமல், தூடிகுமின் தகுதியையே ஐயுறும் அளவிற்குப் பூசல் சென்றது. 1884இல் அவர் வெளியிட்ட மூளை வேதியியற் பெருநூலும் உரிய மதிப்பைப் பெறவில்லை. 1901இல் அவர் மறைந்தார்.

1907இல் இலண்டனில் ரோசன்ஹைம், தெப் அம்மையார் ஆகிய இருவரும் இவ்வழக்கை மீண்டும் எடுத்தனர். கரைப்பானை மாற்றி மாற்றிப் பிரித்தபோது, பாஸ்பரஸ் மிக்க பகுதியும் அஃது அருகிய பகுதியுமாகப் புரோட்டகான் பிளவுற்றது. ஸ்பிங்கோமயலினும் செரிபிரோசைடுகளும் கலந்ததே அஃது என இன்று அறிகின்றோம். அவற்றுள் ஸ்பிங்கோமயலின் என்பது தூடிகும் இட்ட பெயரே. அதன் உறுப்பாகிய ஸ்பிங்கோசினுக்கு, விடைகாணா விடுகதை விடுத்த கிரேக்கப் புராணத்து ஸ்பிங்சின் பெயரை அவரே சூட்டினார்; தாம் பட்ட பாட்டை நினைந்தார் போலும்!

எனினும், அவர் பெயரிட்டவை யாவும் நிலைத்தன எனல் பொருந்தாது. தலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அவர் வழங்கிய கெபாலினும் ஒரு பொருள் அன்று. பாஸ்பாட்டிடைல் எத்தனாலமின், பாஸ்பாட்டிடைல் செரின், இனாசிட்டால் கொண்ட கொழுப்பு ஆகியவை அதன்கண் அடங்கியிருத்தலை ஃபோல்ஷ் 1942இல் காட்டினார். புரோட்டகான் அடியோடு மறைந்தது; கெபாலினோ, குருதி உறையும் நேரத்தை அளக்கும் சோதனையொன்றின் பெயரில் இன்னும் வழங்கி வருகின்றது.