படிக்க முடியாத தாளில் ஒரு கையெழுத்து: தமிழர் பிரெஞ்சு பேசக் கற்ற வரலாறு

1716-ஆம் ஆண்டு புதுச்சேரியில் நயினியப்பப் பிள்ளை சிறைப்படுத்தப்பட்டார். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பினியின் தலைமைத் தரகர் அவர். உள்நாட்டு வணிகரோடு விலை பேசுவதும், நெசவாளரிடமிருந்து துணி திரட்டித் தருவதும் அவருடைய பொறுப்பு. ஆளுநர் ஏபேர் அவர் மீது கொடுங்கோன்மை, கலகத் தூண்டல் ஆகிய குற்றங்களைச் சுமத்தினார். விசாரணை பிரெஞ்சில் நடந்தது. கேள்விகளை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தமிழில் சொன்னார். விடைகள் பிரெஞ்சில் பதிவாயின. அம்மொழிபெயர்ப்பாளர் இயேசு சபையாரின் உபதேசியார் ஒருவருடைய மகன். இயேசு சபையாருக்கோ நயினியப்பர் மீது நெடுநாட் பகை. தாள்களின் அடியில் நயினியப்பர் தமிழில் கையெழுத்திட்டார். அதற்கு மேல் எழுதப்பட்டிருந்ததை அவரால் படிக்க இயலாது.

கடைவீதியில் ஐம்பது கசையடி, மூன்றாண்டுச் சிறை, சொத்துப் பறிமுதல் என்பது தீர்ப்பு. 1717-இல் அவர் சிறையிலேயே இறந்தார்.

பிரெஞ்சுக்காரரோடு நாள்தோறும் வாணிகம் செய்த தலைமைத் தரகருக்கு பிரெஞ்சு தெரியாமற் போனது எப்படி? அவருக்கு அது தேவைப்படவே இல்லை. சோழமண்டலக் கரையில் ஐரோப்பியரும் தமிழரும் பேசிக்கொண்ட மொழி போர்த்துகீசியம். ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் பிரெஞ்சுக்காரரும் கரை இறங்கியபோது அம்மொழி இங்கே ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. நயினியப்பரும் பிரெஞ்சு அதிகாரிகளும் துபாஷி எவருமின்றி அதில் நேராகவே உரையாடி வந்தவர்கள். வாணிகத்துக்குப் போதுமானதாயிருந்த அம்மொழி வழக்கு மன்றத்தில் திடீரென்று விலக்கப்பட்டது. இருவருக்கும் பொதுவான மொழி ஒன்று இருந்தும் அதை ஒதுக்கிவிட்டு, பகைவர் பக்கத்து மொழிபெயர்ப்பாளரை நடுவில் நிறுத்தியது தற்செயலாக நேர்ந்ததாகத் தோன்றவில்லை.

இதன் தடயம் தமிழ்ச் சொற்களிலேயே இருக்கிறது. சாவி, சன்னல், அலமாரி, மேசை, குசினி, ஏலம், பாதிரி எல்லாம் போர்த்துகீசியம் தந்தவை. சமையலறையும் சந்தையும் கோயிலும் புழங்கிய மொழி அது. பிரெஞ்சு புதுச்சேரியை இரு நூற்றாண்டுக்கு மேல் ஆண்டும் பொதுத் தமிழில் விட்டுச் சென்ற சொற்கள் மிகக் குறைவு. புதுச்சேரி வழக்கில் ஓய்வுபெற்ற பிரெஞ்சுப் படைவீரரைக் குறிக்கும் ‘சொல்தா’ போன்றவை அந்த ஊர் எல்லையைத் தாண்டவில்லை. ஆட்சி மொழி எல்லாம் பேச்சு மொழியாகிவிடுவதில்லை.

நயினியப்பரின் குடும்பம் அடுத்துச் செய்தது வியப்புக்குரியது. மூத்த மகன் குருவப்பர் பாரிசுக்கே சென்றார். அங்கே திருமுழுக்குப் பெற்றார். அரசப் பொறுப்பாளராயிருந்த ஒர்லேயான் கோமகனே அவருக்கு ஞானத்தந்தை. செவாலியர் பட்டத்துடன் திரும்பி வந்து, தந்தை வகித்த பதவியையே பெற்றார். தந்தை மீதான தீர்ப்பும் அவர் இறந்த பின் நீக்கப்பட்டது. அக்குடும்பத்தின் உறவினரே ஆனந்தரங்கப் பிள்ளை. துய்ப்ளேக்சின் தலைமைத் துபாஷியாக விளங்கிய அவர் 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பைத் தமிழில்தான் எழுதினார். ஆட்சியாளர் அறியும் மொழியில் எழுதாதது அவருக்கு ஒரு காப்பாகவும் இருந்திருக்கலாம்.

பிரெஞ்சு வாக்கியங்கள் தமிழர் நாவுக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். பள்ளி, படை, நீதிமன்றம் ஆகிய மூன்று வாயில்களின் வழியே அது வந்தது. 1873-இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை காலணியுடன் நீதிமன்றத்தில் நுழைந்தார்; கண்டிக்கப்பட்டதும் பிரான்சின் உச்ச நீதிமன்றம் வரை சென்று வென்றார். நயினியப்பர் கையெழுத்திட்ட அதே ஊரில், அதே மொழியில், ஒரு தமிழர் தமக்காகத் தாமே வாதாடும் காலம் வந்திருந்தது. 1881-இல் பிறந்த ஆணை, இந்தியர் தம் மரபுவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்க இடமளித்தது. பொன்னுத்தம்பியார் அதை ஏற்று ‘லா போர்த்’ என்னும் குடும்பப் பெயரைச் சூடிக்கொண்டார். ‘கதவு’ என்பது அதன் பொருள்.

பெங்களூரில் இக்கதை தலைகீழாக நடந்தது. மைசூர்ப் பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை புதுச்சேரியின் பிரெஞ்சு மறைப்பணியாளரின் பொறுப்பில் இருந்தது. கண்டோன்மென்ட்டின் கத்தோலிக்கருட் பலர் தமிழர். எனவே பாரிசிலிருந்து வந்த குருக்களே தமிழ் வாக்கியங்களை மனனம் செய்ய வேண்டியிருந்தது. மைசூர்ப் பகுதியில் நெடுங்காலம் வாழ்ந்து 1823-இல் ஊர் திரும்பிய துய்புவா பாதிரியார், இந்நாட்டு மொழிகளில் இருந்த பஞ்சதந்திரக் கதைகளைப் பிரெஞ்சில் வெளியிடும் அளவுக்குத் தேர்ந்தார். 1882-இல் பாரிஸ் மறைப்பணியாளர் தொடங்கிய புனித ஜோசப் கல்லூரியிலும் தமிழ் மாணவர் நாடிச் சென்றது ஆங்கிலத்தையே.

பழைய கண்டோன்மென்ட்டை ஒட்டிய லிங்கராஜபுரத்தில் இன்று தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் பிரெஞ்சைக் கற்பது வேறொரு காரணத்துக்காக: பி.யூ.சி. தேர்வில் இரண்டாம் மொழியாக அது மதிப்பெண் தரும். இரண்டாண்டு படித்த பின்னும் வழி கேட்க ஒரு வாக்கியம் வாராதது பாடத்திட்டத்தின் குறை, மாணவர் குறையன்று. தமிழருக்கு அம்மொழியில் இயல்பாகவே சில வசதிகள் உண்டு. ‘தூ’, ‘வூ’ என்பது நீ, நீங்கள் என்பதைப் போன்றதே. பன்மையை மரியாதைக்கு ஆளும் முறை நமக்குப் புதிதன்று. ‘வூ’ என்பதன் இறுதியில் ஒலிக்காத ஸகரம், ‘அவே’ என்னும் உயிர்முதற் சொல் வந்ததும் ‘வூஸாவே’ என்று உயிர் பெறுகிறது. ஆங்கில வழியில் விளக்கினால் அரை மணி நேரம் ஆகும் இதைப் புணர்ச்சி என்ற ஒரு சொல்லால் விளக்கிவிடலாம். மூக்கொலி உயிர்கள்தாம் உண்மையிலேயே உழைக்க வைப்பவை.

வகுப்பின் முதற்பாடம் ‘ழ மப்பெல்’, அதாவது ‘என் பெயர்’. நயினியப்பரிடம் விசாரணையில் கேட்கப்பட்ட முதற்கேள்வியும் பெரும்பாலும் பெயர், வயது, தொழில் பற்றியதாகவே இருந்திருக்கும்.