பெருங்கடல் கடக்கும் சிறு பாய்ப்படகில் அன்றாட வாழ்வு

ஒருவரோ இருவரோ செலுத்தும் சிறு பாய்ப்படகில், கரை காணாமல் வாரக்கணக்கில் பெருங்கடலைக் கடக்கும்போது நிலவும் உணவு, உறக்கம், காவல், பராமரிப்பு ஆகியவற்றின் ஒழுங்கு. கேனரித் தீவுகளிலிருந்து கரீபியத் தீவுகளுக்கு வியாபாரக் காற்றைப் பிடித்துச் செல்லும் ஏறத்தாழ 2,700 கடல் மைல் பாதை இத்தகைய பயணங்களில் மிகவும் பழகியது; மூன்று அல்லது நான்கு வாரம் பிடிக்கும். புயலையும் படகுச் சேதத்தையும் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு இந்த அன்றாடத்தைப் பற்றி எழுதப்படவில்லை. பயணம் நிறைவேறுவதும் நின்றுபோவதும் பெரும்பாலும் இதைப் பொறுத்தே அமைகிறது. படகு தானாகத் திசை பிடித்து ஓடினால் சமைக்கவும் தூங்கவும் கை ஒழியும். ஓடாவிட்டால் நாள் முழுவதும் சுக்கானுக்கே போய்விடும்.

ஸ்லோகமும் ஸ்பிரேயும்

இவ்வாழ்வை விரிவாகப் பதிவு செய்த முன்னோடிகளுள் ஒருவர் ஜோஷுவா ஸ்லோகம். 1844-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்த இவர் பெரும் பாய்க்கப்பல்களின் தலைவராக இருந்தவர். நீராவிக் கப்பல்களின் வரவால் வேலை குறைந்திருந்த காலத்தில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபேர்ஹேவனில் வயல்வெளியில் உளுத்துக் கிடந்த ஸ்பிரே என்ற பழைய படகு அவருக்கு இனாமாகக் கிடைத்தது. 13 மாதம் உழைத்து, 553 டாலர் 62 சென்ட் செலவில், பலகை பலகையாக அதைப் புதிதாகவே கட்டினார். நீளம் 36 அடி 9 அங்குலம். 1895 ஏப்ரல் 24 அன்று பாஸ்டனிலிருந்து புறப்பட்டு, 46,000 மைலுக்கு மேல் ஓடி, 1898 ஜூன் 27 அன்று நியூபோர்ட்டை அடைந்தார். தனியொருவராக உலகைக் கடல்வழியே சுற்றியவர்களில் முதல்வர் அவரே.

ஸ்பிரேயில் இருந்த பொருள்களைப் பார்த்தாலே அங்கு நடந்த வாழ்க்கை புரியும். இரட்டைத் திரி விளக்கு ஒன்று அறைக்கு வெளிச்சமும் வெதுவெதுப்பும் தந்தது. சிறு ஏற்பாட்டில் அதுவே அடுப்பாகவும் பயன்பட்டது. துணைப் படகு வைக்க மேல்தளத்தில் இடம் போதாததால், டோரி என்னும் மீன்பிடி படகைக் குறுக்கே இரண்டாக அறுத்து ஒரு பாதியை மட்டும் ஏற்றிக்கொண்டார். துணி துவைக்கும் தொட்டியும் குளியல் தொட்டியும் அந்தப் பாதிப் படகுதான். உப்பிட்டுக் காயவைத்த காட் மீன், உருளைக்கிழங்கு, வெண்ணெய், ஆறு பீப்பாய் நீர் ஆகியவற்றோடு அட்லாண்டிக்கில் இறங்கினார். நேரம் பார்க்க இருந்தது முகப்பு உடைந்த தகரக் கடிகாரம். அது உடைந்திருந்ததால் ஒரு டாலருக்கு வாங்கினார். பின்னர் அதன் நிமிட முள்ளும் போயிற்று. வெந்நீரில் கொதிக்க வைத்தபின் மணியை மட்டும் காட்டியது. நெடும் ஓட்டத்துக்கு அதுவே போதும் என்று இருந்துவிட்டார்.

1896 மே 5 அன்று சிலி நாட்டின் ஹுவான் ஃபெர்னாண்டஸ் தீவை விட்டவர் 72 நாள் எங்கும் நிற்காமல் ஓடி, ஜூலை 16 அன்று சமோவாவின் ஆப்பியாவில் நங்கூரம் போட்டார். இந்த ஓட்டத்தில் அவர் சாப்பிட்டது பறவைக்கோலா மீன், சூடான ரொட்டி, வெண்ணெய், உருளைக்கிழங்கு, காப்பி. இரவில் தளத்தில் வந்து விழும் கோலாவைப் பொறுக்கினால் காலை உணவு தயார். மீதி நேரம் புத்தக வாசிப்பில் போனது. ஆஸ்திரேலியாவின் தேர்ஸ்டே தீவிலிருந்து இந்தியப் பெருங்கடலின் கீலிங் தீவு வரை 2,700 மைலை 23 நாளில் கடந்தபோது, அவர் சுக்கான் சக்கரத்தைப் பிடித்தது மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேல் இல்லை. சக்கரத்தைக் கட்டிவிட்டால் படகு தன் வழியே போகும். இதை மிகை என்று ஐயுற்றவர்கள் உண்டு. அகன்ற உடலும் ஏரா என்னும் நீண்ட அடிக்கட்டையும் கொண்ட படகில், பாய்களைச் சமன்படுத்தி விரித்தால் இது இயல்பாக நடக்கக்கூடியதே, ஐயத்துக்கு இடமில்லை. 1909-இல் அதே படகில் தென்திசை நோக்கிப் புறப்பட்ட ஸ்லோகம் திரும்பவில்லை.

காவலும் உறக்கமும்

எல்லாப் படகும் ஸ்பிரே அல்ல. காற்றின் திசையை உணர்ந்து சுக்கானைத் திருப்பும் காற்றுத்தகட்டுக் கருவியைப் பெருங்கடல் ஓட்டத்துக்கு ஏற்றதாக்கியவர்களில் முதன்மையானவர் பிரிட்டனின் பிளாண்டி ஹாஸ்லர். 1960-இல் நடந்த தனியாள் அட்லாண்டிக் பந்தயத்தில் 25 அடி ஜெஸ்டர் படகை இக்கருவியின் துணையோடு 48 நாளில் நியூயார்க் சேர்த்தார். முதலாவதாக வந்த ஃபிரான்சிஸ் சிச்செஸ்டர் 40 நாள் எடுத்துக்கொண்டார். இருந்தாலும் சிறு படகுகளின் அன்றாடத்தை மாற்றியவர் ஹாஸ்லரே.

இருவர் செல்லும் படகில் மூன்று அல்லது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை காவல் மாறும். எந்நேரமும் கண்காணிப்பு வேண்டும் என்கிறது சர்வதேசக் கடல் மோதல் தவிர்ப்பு விதிகளின் 5-ஆம் விதி. தனியாளால் இதை முழுமையாகக் கடைப்பிடிக்க முடியாது. அடிவானத்தில் தோன்றும் கப்பல் ஏறத்தாழ 20 நிமிடத்தில் நெருங்கிவிடும் என்பதால், அந்த அளவுக்குள் துண்டு துண்டாக உறங்கி எழுவதே நடைமுறை வழி. படுக்கையில் இருந்து உருண்டு விழாமலிருக்கப் பக்கவாட்டில் துணி கட்டப்படும். விடிந்ததும் முதல் வேலை, கயிறும் பாயும் உராய்ந்து தேய்ந்த இடங்களைத் தேடிப் பார்ப்பது. ஓயாத அசைவில் ஒரே இடத்தில் உரசும் கயிறு சில நாளில் அறுந்துவிடும்.

நீர்

பாத்திரம் கழுவுவதும் குளிப்பதும் கடல்நீரில்தான். நன்னீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும். உப்பு படிந்த உடை உரசி வரும் புண்கள் பலரைக் கடலை விட மோசமாக வாட்டியிருக்கின்றன. மாலுமி ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டிய 32 அடி சுஹைலி படகில் 1968-69-இல் 312 நாள் கரை தொடாமல் உலகைச் சுற்றியபோது, தொட்டி நீர் கெட்டுப்போனது. பாயில் வழிந்த மழைநீரைப் பிடித்துச் சமாளித்தார்.

இன்று

கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி, சூரியத் தகடு, செயற்கைக்கோள் தொடர்பு ஆகியவை பரவலாகிவிட்டன. இத்தகைய பயணங்களும் தொடர்கின்றன: இந்தியக் கடற்படையின் 56 அடி தாரிணி பாய்ப்படகில் தில்னா, ரூபா என்ற இரு பெண் அதிகாரிகள் மட்டும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று திரும்பினர். ரூபா அழகிரிசாமி புதுச்சேரியைச் சேர்ந்தவர்.