எம்.எஸ்.சி. நர்ஸிங் போகலாமா? கொஞ்சம் பழைய கதை

எங்க நாகலூர்ப் பக்கம் ஒரு பொண்ணு நர்ஸிங் முடிச்சிட்டா படிப்பு முடிஞ்சதுன்னு அர்த்தம். வேலை, கல்யாணம், அவ்வளவுதான். மேல படிக்கிறேன்னு சொன்னா, "எத்தனை படிச்சாலும் நர்ஸ்தானே?"ன்னு கேப்பாங்க. நான் ஆறு வருஷமா சேலத்துல வார்டு டூட்டி பாக்குறேன். ரெண்டு வருஷ சம்பளத்தை விட்டுட்டு, ஊசி போட்ட கையில சாக்பீஸ் பிடிக்கப் போகணுமான்னு எனக்கும் குழப்பம்தான். அதான் இந்தப் படிப்பு எங்கேருந்து வந்துச்சுன்னு தேடிப் படிச்சேன்.

1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் பள்ளி தொடங்கியது. அங்கே வார்டு சிஸ்டர்தான் டீச்சர். மாணவிகள் வேலை செஞ்சுகிட்டே கத்துக்கணும். இந்த முறை உலகம் முழுக்கப் பரவினப்போ ஒரு சிக்கலும் கூடவே வந்தது. மாணவிகளோட உழைப்புலயே ஆஸ்பத்திரி ஓட ஆரம்பிச்சது. வேலை அதிகமான நாள்ல முதல்ல அடிபட்டது பாடம்தான். (இப்போ மட்டும் என்ன வாழுதாம்னு யாரோ முணுமுணுக்கிறது கேக்குது :-))

நல்லா வேலை தெரிஞ்சவங்களுக்குச் சொல்லித்தரவும் தெரியும்னு நம்பிட்டிருந்த காலம் அது. நர்ஸுகளுக்கே ஆசிரியர் பயிற்சி வேணும்னு 1899-ல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் தனி வகுப்பு ஆரம்பிச்சாங்க. அங்கேயே 1907-ல் மேரி அடிலெய்ட் நட்டிங் பேராசிரியர் ஆனார். உலகத்தின் முதல் நர்ஸிங் பேராசிரியர் அவர்தான்.

நம்ம பக்கம் வருவோம். 1871-ல் மெட்ராஸ் அரசு பொது மருத்துவமனையில் ஆறு மாத மகப்பேறு தாதிப் பயிற்சி, நாலே நாலு மாணவிகளோட. 1909-ல் வேலூரில் ஐடா ஸ்கடர் நர்ஸிங் பள்ளி தொடங்கினார். பட்டப்படிப்பு வந்தது 1946-ல், வேலூரிலும் டெல்லியிலும் ஒரே வருஷம். அதே வருஷம் வந்த போர் கமிட்டி அறிக்கை, நாட்டில் 43,000 பேருக்கு ஒரு நர்ஸ்னு கணக்கு சொன்னது. கிட்டத்தட்ட எங்க ஏற்காடு மலை முழுசுக்கும் ஒருத்தர்!

இவ்வளவு பற்றாக்குறை இருக்கும்போது, நல்ல நர்ஸை வார்டுல இருந்து எடுத்து வகுப்புக்கு அனுப்புறது அநியாயமாத் தோணும். ஆனா அவங்க வார்டுலயே இருந்தா ஒரு நர்ஸ்தான். வகுப்புக்குப் போனா வருஷா வருஷம் ஒரு செட் நர்ஸ் வெளிய வரும். இருந்தாலும் டெல்லியில் முதுகலை வந்தது 1959-ல்தான். பட்டப்படிப்பு ஆரம்பிச்சு பதிமூணு வருஷம் கழிச்சு!

இன்னிக்கு எம்.எஸ்.சி. ரெண்டு வருஷம். அஞ்சு பிரிவு. சேர குறைஞ்சது ஒரு வருஷ வேலை அனுபவம் வேணும். அந்த ஒரு வருஷம் போதாதுங்கறது என் கட்சி. நைட் டூட்டியிலிருந்து தப்பிச்சா போதும்னு படிக்கப் போறவங்களையும் பார்த்திருக்கேன். அவங்களைக் குத்தம் சொல்லல, எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனா மூச்சுத் திணறுறவரை எப்படி உக்கார வைக்கணும்னு பத்துப் பேருக்காவது கையால செஞ்சு பார்த்தவங்க சொல்லித்தந்தா, பாடமே வேற மாதிரி இருக்கும்.

சின்ன வயசுல மேல் கிராமத்துல இருந்து தூளி கட்டி ஆளுங்களைத் தூக்கிட்டு வர்றதைப் பார்த்திருக்கேன். பெரிய ஆஸ்பத்திரி வார்டுல பழகின மாணவிக்கு அந்த வழி தெரியாது. அதனால சமுதாய சுகாதாரப் பிரிவுக்கு விண்ணப்பம் போடறதா முடிவு பண்ணிட்டேன். அம்மாகிட்ட இன்னும் சொல்லலை. மிளகு பறிப்பு முடியட்டும்.